ஒரே காப்பகம், எல்லாப் பருவமும்: பறவை பார்க்கக் குழுவாகப் போகிறவர்களுக்கு

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த இடத்துக்குப் போனால் நிறையப் பறவைகளைப் பார்க்கலாம்?" என்பதுதான். என் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். எளிதில் போய்வரக்கூடிய ஓர் இயற்கைக் காப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள். வருடம் முழுவதும் அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். நான்கு காப்பகங்களைத் தலா ஒரு முறை பார்ப்பதைவிட, ஒரு காப்பகத்தை நான்கு பருவங்களில் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். அதையும் தனியாகச் செய்யாமல் நாலு பேரோடு சேர்ந்து செய்தால் பாதிக் காலத்திலேயே பழகிவிடும். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் காதில் விழும்.

குழுவாகப் பறவை பார்க்கும் பழக்கம் நூறாண்டைத் தாண்டியது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று கூட்டமாகக் கிளம்பிப் போய், யார் அதிகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. 1900ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார். முதல் ஆண்டு 27 பேர் சேர்ந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டு தவறாமல் நடக்கிறது. குழுப் பயணம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்: துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்த அந்த 27 பேர்.

குழுவைச் சேர்ப்பது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் வரிசையின் கடைசியில் வருகிறவர்கள் பறவையைப் பார்ப்பதில்லை, முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கிறார்கள். இருபது பேர் வந்துவிட்டால் இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு பாதையில் அனுப்புங்கள்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். முன்னால் நடப்பவர் பறவை தெரிந்தவராக இருந்தால் நல்லது. கடைசியில் வருபவருக்குப் பறவை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. யாரும் பின்தங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் போதும். புதியவர்களை எப்போதும் முன்னால் விடுங்கள். பழகியவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொள்வார்கள்.

பொறுப்பாளர் ஒருவர் சில நாட்கள் முன்னதாகவே அந்த இடத்தை ஒரு நடை நடந்துவிட்டு வர வேண்டும். நுழைவு நேரம் என்ன, குழுவுக்கு முன் அனுமதி தேவையா, கழிப்பறை எங்கே, நடக்க முடியாதவர்கள் எதுவரை வரலாம், காலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதையெல்லாம் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சூரியன் நம் முகத்துக்கு நேரே இருந்தால் ஏரியில் மிதக்கும் இருநூறு வாத்துகளும் கறுப்பு நிழல்களாகத்தான் தெரியும். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நடக்கும்படி பாதையை அமைத்தால் அதே வாத்துகளின் கண் நிறம்கூடத் தெரியும்.

கையில் என்ன வேண்டும்

இருநோக்கி ஒன்று, அதாவது பைனாகுலர். மற்றதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அதன் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். புதியவர்களுக்கு இதுவே ஏற்றது. பத்து மடங்கு காட்டுவது இன்னும் சிறந்ததாகத் தோன்றும். ஆனால் பெரிதாக்குவதுபோலவே கை நடுக்கத்தையும் அது பெரிதாக்கும், காட்சிப் பரப்பும் பொதுவாகக் குறையும். இலைகளுக்குள் தாவும் கதிர்க்குருவியைத் தேடும்போது அகலமான காட்சிதான் கைகொடுக்கும்.

வாங்கியதும் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். பலர் மாதக்கணக்கில் இதைச் செய்யாமல் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வலப்பக்க முன் வில்லையைக் கையால் மூடுங்கள். தூரத்தில் உள்ள ஒரு பலகையை இடது கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பகுதியில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு அதைத் தொடவே வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் கண்பகுதியின் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள் பார்ப்பதுபோல் வட்டம் சுருங்கிவிடும்.

அடுத்தது பயிற்சி. பறவையைக் கண்ணால் பிடித்தபிறகு பார்வையை அதிலிருந்து எடுக்காதீர்கள். தலையை அசைக்காமல் இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து இருநோக்கியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவையை இழந்துவிடுவீர்கள். வீட்டு ஜன்னலில் நின்று எதிரே உள்ள கம்பத்தின் உச்சியை வைத்து ஐம்பது முறை பழகிவிட்டு வாருங்கள்.

முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். அதில் பார்க்க வருகிறவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம். ஒருவர் முக்காலியைப் பிடித்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு வெறும் சேறுதான் தெரியும். ஐந்து நொடி பாருங்கள், நகருங்கள், மறுபடி வரிசையில் நில்லுங்கள். பறவை அங்கேயே இருந்தால் மூன்று சுற்றுகூடப் பார்க்கலாம்.

உடை மண், இலை, புல் நிறங்களில் இருக்கட்டும். நிறத்தைவிடவும் சத்தம் முக்கியம்: உரசினால் சரசரக்கும் மேற்சட்டை, கிலுங்கும் சாவிக்கொத்து, ஒலிக்கும் கைப்பேசி மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

நடப்பதும் நிற்பதும்

பெரும்பாலான நிலப்பறவைகளுக்கு விடிந்ததும் வரும் இரண்டு மணி நேரம் பொன்னான நேரம். பாட்டும் அப்போதுதான், இரைதேடலும் அப்போதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் விடியல்தான் என்று எண்ண வேண்டாம். கழுகு, பருந்து, பெருநாரை போன்றவை வெயில் ஏறித் தரை சூடாகி, வெப்பக்காற்று மேலே எழும்பத் தொடங்கியபிறகே வட்டமடித்து உயரும். அவற்றைப் பார்க்கக் காலை பத்து மணிக்குப் போனாலும் தாமதமில்லை. கடற்கரைச் சேற்றுநிலங்களில் கடிகாரத்தைவிடக் கடல்தான் நேரத்தைச் சொல்கிறது. கடல்நீர் வற்றியிருக்கும்போது உள்ளான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் பரவிப் புள்ளிகளாய் நிற்கும். நீர் ஏறத் தொடங்கியதும் சேறு சுருங்கச் சுருங்க அவை நம்மை நோக்கி நெருங்கி வரும். ஆகவே கடல்நீர் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிடுங்கள்.

குழுவில் பறவையைச் சுட்டிக்காட்டுவதே ஒரு கலை. "அதோ, அந்த மரத்தில்!" என்று கை நீட்டினால் பத்துப் பேரும் பத்து மரத்தைப் பார்ப்பார்கள், நீட்டிய கையைக் கண்டு பறவையும் பறந்துவிடும். எல்லாருக்கும் தெரியும் பெரிய அடையாளத்தில் தொடங்குங்கள்: "பட்டுப்போன மரம். அதன் இடப்புறக் கிளை. கிளையின் நுனியிலிருந்து ஒரு முழம் உள்ளே." மரத்தைக் கடிகார முகப்பாக நினைத்து, உச்சி பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று என்று சொல்வது இன்னும் வேகமானது. பெயர் தெரியாவிட்டாலும் சொல்லத் தயங்காதீர்கள். "நாலு மணிப் பக்கம் சின்னதாக ஏதோ அசைகிறது" என்பது மிக நல்ல தகவல்.

நிற்பதற்கு நடப்பதைவிட அதிகப் பொறுமை வேண்டும். பறவை கண்ணில் படாமல் உட்கார்ந்து பார்க்க மறைவுக் குடில் இருக்கும் காப்பகங்களில் பல குழுக்கள் உள்ளே நுழைந்து, ஐந்து நிமிடம் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது இருபது நிமிடம் உட்காருங்கள். ஒருமுறை எங்கள் குழுவில் எல்லாரும் கிளம்பத் தயாரானபோது, வயதான ஓர் அம்மா மட்டும் நாணல் விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த ஒரு தட்டை மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது" என்றார். நாங்கள் பார்த்தோம், எங்களுக்கு எல்லாம் நாணலாகத்தான் தெரிந்தது. காற்று வீசியது, நாணல் ஆடியது, அந்தத் தட்டையும் கூடவே ஆடியது. பிறகுதான் அதில் ஒரு மஞ்சள் கண் தெரிந்தது. கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி, மார்புக் கோடுகளை நாணல் தண்டுகளோடு சேர்த்து நின்றது ஒரு குருகு. அவ்வளவு நேரமும் எங்களுக்குப் பத்தடி தூரத்தில் அது நின்றிருக்கிறது. அந்த அம்மாவுக்கு அது இரண்டாவது பயணம்தான்.

பருவம் மாறும்போது

எந்தப் பருவத்தில் என்ன நடக்கும் என்பது நீங்கள் பூமியின் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வடக்கே குளிராக இருக்கும்போது தென்பாதியில் கோடை. வெப்பமண்டலத்தில் வெப்பநிலையைவிட மழைதான் பறவைகளின் நாட்காட்டி. நீர் நிறைந்து, மீனும் பூச்சியும் பெருகும் காலமே பலவற்றுக்கும் கூடு கட்டும் காலம். உங்கள் காப்பகத்தில் மழை எப்போது, நீர் எப்போது வற்றுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கீழே சொல்வதை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் தொடங்குவதே புதியவர்களுக்கு நல்லது. நீர்ப்பறவைகள் திறந்த வெளியில், பெருங்கூட்டமாக, நெடுநேரம் ஒரே இடத்தில் இருக்கும். ஊசிவால் வாத்தையும் தட்டைவாயன் வாத்தையும் பத்து நிமிடம் அருகருகே வைத்துப் பார்த்து ஒப்பிடலாம். இலை உதிரும் நாடுகளில் மரங்கள் மொட்டையாக நிற்பதால் சிறு பறவைகளும் ஒளிய முடியாது. உலகெங்கும் ஈரநிலப் பறவைகளை எண்ணும் பன்னாட்டுக் கணக்கெடுப்பு 1967 முதல் ஜனவரியை மையமாக வைத்து நடப்பதும் இதனால்தான்: அப்போது வாத்துகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும், எண்ணலாம். ஆனால் குளிர்நாடுகளில் பகல் குறுகியது. இரவின் குளிரைத் தாங்கும் கொழுப்பை அந்தச் சில மணி நேரத்தில்தான் பறவை சேர்க்க வேண்டும். நாம் ஒருமுறை விரட்டிப் பறக்கவிட்டால் இரை தின்னும் நேரமும் போகிறது, சேர்த்த சக்தியும் போகிறது. மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் ஒவ்வொன்றாகத் தலை நிமிர்த்தினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அந்த இடத்திலேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதன் பலனைக் குளிர்காலம்தான் மிக அழகாகக் காட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் காப்பகத்தை 1946இல் நிறுவிய பீட்டர் ஸ்காட், அங்கே குளிர்காலம் கழிக்க வரும் பெவிக் அன்னங்களின் அலகில் உள்ள மஞ்சளும் கறுப்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விதமாக இருப்பதைக் கவனித்தார். 1964 முதல் அந்த அலகு அமைப்பை வரைந்து, ஒவ்வோர் அன்னத்துக்கும் பெயரிட்டு, மறு ஆண்டு திரும்பி வந்தது எது, வராதது எது என்று குறித்தார்கள். கூட்டமாகத் தெரிந்தவை ஆள் ஆளாகத் தெரியத் தொடங்கின.

இளவேனில் வந்ததும் கண்ணுக்கு இருந்த வேலை காதுக்கு மாறும். ஆண் பறவைகள் முன்னதாக வந்து எல்லை பிடித்துப் பாடத் தொடங்கும். எல்லாப் பாட்டையும் ஒரே வாரத்தில் கற்க முயலாதீர்கள். ஒரு பயணத்துக்கு மூன்று குரல் போதும். குழுவாக ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்று, எத்தனை வேறுபட்ட குரல் கேட்டது என்று விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். முதல் முறை நாலு என்பார்கள்; மாத இறுதியில் பதினொன்று என்பார்கள். கைப்பேசிச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்வது உதவிதான். ஆனால் அது சொன்ன பறவையைத் தேடிக் கண்ணால் பார்த்தபிறகே பட்டியலில் சேருங்கள்.

பறவையை வரவழைக்க அதன் பாட்டைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடுவதைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதென்று எண்ணி அது இரையையும் துணையையும் விட்டு ஓடி வரும். காலையில் நாம் ஒரு முறை செய்தோம் என்று நினைப்போம். அதே பறவைக்கு அன்று வந்த ஐந்து குழுவும் ஒவ்வொரு முறை செய்திருக்கும்.

கூடு கட்டும் காலத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமான நினைவு உண்டு. பதினைந்து பேர் ஒரு சரளைக் கரையில் நடந்துகொண்டிருந்தோம். சின்ன உப்புக்கொத்தி ஒன்று எங்கள் முன்னால் விழுந்து, ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி தத்தித் தத்திப் போனது. அடிபட்டிருக்கிறது என்று சிலர் இரங்கினார்கள், சிலர் படம் எடுத்தார்கள், நானும் நின்று பார்த்தேன். அது அடிபடவில்லை. முட்டையை விட்டு நம்மைத் தொலைவுக்கு இழுத்துப் போக அது நடிக்கும் நாடகம் அது. அந்த நேரம் முழுவதும் நாங்கள் அதன் முட்டைகளின் அருகிலேயே நின்றிருந்தோம். கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகப் புள்ளி போட்ட மூன்று முட்டைகள், நிழல் தரத் தாயில்லாமல், நேர் வெயிலில் கிடந்தன. வந்த வழியிலேயே, காலடி பார்த்து, வரிசையாகத் திரும்பினோம். அந்த வெயிலில் எத்தனை நிமிடம் வீணாக்கினோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே புதியவர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பறவை உங்களைச் சுற்றி விடாமல் கத்தினாலோ, சிறகை இழுத்து நடித்தாலோ, அலகில் புழுவை வைத்துக்கொண்டு விழுங்காமலும் எங்கும் போகாமலும் கிளையில் காத்திருந்தாலோ, அருகில் கூடோ குஞ்சோ இருக்கிறது. அது நீங்கள் போவதற்காகக் காத்திருக்கிறது. கிளையை விலக்கிப் பார்க்காதீர்கள், கூட்டைப் படம் எடுக்காதீர்கள், இடத்தை யாருக்கும் பகிராதீர்கள். நாம் எங்கே நின்று குனிகிறோம் என்பதைக் காகங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. டிரோன் பறக்கவிடுவது எந்தப் பருவத்திலும் கூடாது.

முதுவேனிலில்தான் குழுக்கள் சோர்ந்துவிடுகின்றன. பாட்டு அடங்கிவிடும், இலை அடர்ந்திருக்கும், வெயில் வாட்டும். "பறவையே இல்லை" என்பார்கள். அப்போது ஏரிக்குப் போய் வாத்துகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் பளபளத்த ஆண் வாத்துகள் காணாமல் போயிருக்கும்; எல்லாம் பெட்டை வாத்துபோல மங்கிய பழுப்பில் இருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துகள் பறக்க உதவும் சிறகிறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுகின்றன. மூன்று நான்கு வாரம் அவற்றால் பறக்கவே முடியாது. பகைவர் கண்ணில் படாமலிருக்க ஆண் வாத்து மங்கிய கோலம் பூண்டு நாணலோரம் ஒதுங்குகிறது. அதன் அலகின் நிறத்தைக் கவனித்து ஆண் எது பெண் எது என்று பிரிப்பது, குளிர்காலத்தில் எந்தப் புத்தகமும் இல்லாமல் சொல்லக்கூடிய பெயரைவிட எவ்வளவோ கூடுதல் பாடம். பறக்க முடியாத பறவை என்பதால் கரையோரம் போகாமல் தூரத்திலிருந்தே பாருங்கள்.

வலசைக்காலம் நாம் நினைப்பதைவிட முன்பே தொடங்கிவிடும். வடதுருவப் பகுதியில் கூடு கட்டிய கரைப்பறவைகளில் முதிர்ந்தவை ஜூலையிலேயே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. அந்த ஆண்டுப் பிறந்த இளசுகள் பல வாரம் கழித்து, வழிகாட்டப் பெற்றோர் இல்லாமல் பின்தொடர்கின்றன. பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து சில மாதமே ஆனது, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து சேர்ந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. உங்கள் காப்பகத்தின் சேற்றில் மெலிந்து நிற்கும் ஒரு மூக்கனைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அருகே போகவே மனம் வராது.

இந்தப் பருவத்தில் வானிலையைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். பெரும்பாலான சிறு பறவைகள் இரவில் பயணிக்கின்றன. இரவில் எதிர்காற்றோ மழையோ குறுக்கிட்டால் வழியிலேயே இறங்கிவிடும்; மறுநாள் காலை, முந்தைய நாள் வெறுமையாக இருந்த புதர்களில் ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் நிறைந்திருக்கும். ஜிப்ரால்டர், பாஸ்பரஸ் போன்ற குறுகிய நீரிணைகளின் மேலும் பனாமாவின் குறுகிய நிலப்பாதையின் மேலும் கழுகுகளும் பருந்துகளும் ஆயிரக்கணக்கில் கடப்பதற்கு வெப்பக்காற்றே காரணம்: நீரின் மேல் அது எழும்புவது குறைவு என்பதால் கடலைத் தவிர்க்கின்றன, அல்லது குறுகிய இடத்தில்தான் தாண்டுகின்றன.

குறித்து வைப்பது

கிளம்பும் முன் அனைவரும் வட்டமாக உட்கார்ந்து பட்டியலைச் சரிபாருங்கள். ஒருவர் பெயரைப் படிக்க, மற்றவர்கள் எத்தனை என்று சொல்லட்டும். சந்தேகமானதைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். "ஏதோ ஒரு நெட்டைக்காலி" என்பது நேர்மையான பதிவு. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் என்பவை பறவைப் பெயரளவுக்கே முக்கியம். பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேர்த்துவைக்கும், 2002இல் தொடங்கிய ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவிடுவதானால், அரியதை மட்டும் போடாமல் அடையாளம் கண்ட எல்லாவற்றையும், காகத்தையும் மைனாவையும் சேர்த்துப் போடுங்கள். பார்க்காதது எது என்பதும் அப்போதுதான் ஆய்வாளர்களுக்குத் தெரியும். கூடுகட்டும் பறவையின் சரியான இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இறந்துகிடக்கும் பறவையைத் தொடாதீர்கள்; ஒன்றுக்கு மேல் கண்டால் காப்பகப் பணியாளரிடம் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் பல நாடுகளில் காட்டுப் பறவைகளைக் கொன்றிருக்கிறது. ஓர் ஈரநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் செருப்பிலும் முக்காலிக் காலிலும் ஒட்டிய சேற்றைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

பிரியும் முன் அடுத்த பருவத்துக்கான தேதியைக் குறித்துவிடுங்கள். கூடவே இன்று நின்று பார்த்த ஓரிடத்தையும், அது பட்ட மரமோ நாணல் மூலையோ, நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை முதலில் அங்கே போய் நில்லுங்கள்.